நீலகிரி மலை ரயில்: பிடிவாதக்காரர் ஒருவரையும் சேர்த்துப் பதினான்கு பேர் போனால்

ஒவ்வொரு ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். மத்தியானச் சாப்பாட்டுக்கு எந்தக் கடை என்பதிலிருந்து ஏசி எத்தனை டிகிரி என்பது வரைக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்டவர் கிடையாது. நமக்கு ஒன்றென்றால் முதல் ஆளாக ஓடி வருகிறவரும் அவர்தான். ஆனால் "நான் சொல்றேன்ல" என்று ஆரம்பித்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அப்படி ஒருவர் இருக்கும் பத்துப் பதினைந்து பேர் கொண்ட கூட்டம் ஊட்டி மலை ரயிலில் போகலாமா, போனால் எப்படிப் போக வேண்டும் என்பதற்குத்தான் இந்த விமர்சனம். புதுமணத் தம்பதிக்கும் கைக்குழந்தையோடு போகிறவர்களுக்கும் கணக்கு வேறு.

போகலாம், தாராளமாக. சொல்லப்போனால் அந்த மாதிரிக் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது. வேனில் போனால் வளைவுக்கு வளைவு ஒரு தீர்மானம் தேவைப்படும். டீ எங்கே, போட்டோ எங்கே, எந்தப் பாட்டு, ஜன்னல் திறந்தா மூடியா? ஒவ்வொன்றிலும் நம் நண்பர் ஜெயிப்பார், மற்ற பதின்மூன்று பேரும் ஊமையாக உட்கார்ந்திருப்பார்கள். மலை ரயிலிலோ 1899-ல் குன்னூர் வரைக்கும் 1908-ல் ஊட்டி வரைக்கும் பாதை போட்டவர்களே எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கே நிற்கும், எத்தனை நிமிஷம் நிற்கும், எவ்வளவு வேகத்தில் ஏறும் என்பதில் யார் சொல்லும் எடுபடாது. செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜின் கவ்வி ஏறுவதற்காகப் போட்ட பல் தண்டவாளத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். அதற்கு மேல் போகச் சொல்லி யாரோடும் மல்லுக்கு நிற்க முடியாது.

சண்டை வருவதெல்லாம் ரயிலுக்கு முன்னாலும் பின்னாலும்தான். முன்னால் டிக்கெட், பின்னால் ஊட்டி.

டிக்கெட்டிலிருந்தே ஆரம்பிப்போம், ஏனென்றால் பாதிப் பேர் கோட்டை விடுவது அங்கேதான். மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே போகும் ரயில் வழக்கமான நாட்களில் ஒன்றே ஒன்று, காலை 7.10-க்கு. நாலைந்து சின்னப் பெட்டிகள், அவ்வளவுதான். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பர் வரை அது 120 நாளாக இருந்தது. பழைய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு நாலு மாதம் முன்பே தேடி, "ரயிலையே நிறுத்திட்டாங்க போல" என்று கைவிட்டவர்கள் இருக்கிறார்கள். ரயில் டிக்கெட் போடும் ஐஆர்சிடிசி தளத்தில் உங்கள் கணக்கு ஆதார் இணைத்துச் சரிபார்த்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் திறந்த உடனே புக் செய்ய விடாது. சனிக்கிழமைச் சீட்டு, அதுவும் ஏப்ரல், மே என்றால், அந்த முதல் சில நிமிஷம்தான் எல்லாமே.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் போட முடியாது. பதினான்கு பேர் என்றால் ஆறு, ஆறு, இரண்டு என்று மூன்று டிக்கெட். ஒரே ஆள் மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டால், முதலாவதற்குப் பணம் கட்டி முடிப்பதற்குள் மூன்றாவது வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடும். மூன்று பேர், மூன்று கணக்கு, மூன்று போன், ஒரே நேரத்தில். பயணிகள் பெயரையும் வயதையும் முந்தின நாள் ராத்திரியே அவரவர் கணக்கின் மாஸ்டர் லிஸ்டில் ஏற்றி வைத்துவிட வேண்டும். சீட் உறுதியானால் மட்டும் புக் செய் என்று ஒரு தேர்வு இருக்கும், அதை டிக் செய்யாமல் விட்டால் நாலு பேருக்கு உறுதி, இரண்டு பேருக்கு வெயிட்டிங் என்று ஒரே டிக்கெட்டுக்குள் குடும்பம் பிரிந்துவிடும். அந்த இரண்டு பேர் யார் என்று யோசிப்பதற்குள் நட்பே கெட்டுப்போகும்.

நம் நண்பர் இந்தக் கட்டத்தில் சொல்லக்கூடியது ஒன்றுதான்: "அதெல்லாம் அங்க போய் பாத்துக்கலாம்." இதற்கு மட்டும் தலையாட்டக் கூடாது. அன்றன்று காலையில் ஸ்டேஷனில் கொடுக்கும் முன்பதிவில்லாச் சீட்டு கொஞ்சம்தான். விடியும் முன்பே வரிசையில் நிற்கும் தனி ஆளுக்கு அது கிடைக்கலாம். பதினான்கு பேருக்குக் கிடைக்காது. ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் கடிதமும் பெயர்ப் பட்டியலும் கொடுத்து ரயில்வே கவுன்டரில் கூட்டமாகப் புக் செய்கிற வழி ஒன்று உண்டு, ஆனால் அதற்கும் சீட் காலியாக இருக்க வேண்டும், கடிதம் கையெழுத்தாகி வரும் நேரத்தில் இங்கே தீர்ந்துவிடும். முழு ரயிலையே வாடகைக்கு எடுக்கலாம், அது லட்சக்கணக்கில் போகும். கம்பெனி கொடுத்தால் சந்தோஷம்.

இனி நாங்கள் எல்லாரிடமும் அழுத்திச் சொல்வது. ஊட்டி வரைக்கும் டிக்கெட் எடுக்காதீர்கள், குன்னூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தின் குறியீடு எம்டிபி, குன்னூருக்கு ஓஎன்ஆர், ஊட்டிக்கு யுஏஎம். பார்க்க வேண்டியதெல்லாம் எம்டிபிக்கும் ஓஎன்ஆருக்கும் நடுவில்தான் இருக்கிறது. நீராவி இன்ஜினும் பல் தண்டவாளமும் குன்னூரோடு சரி, அங்கிருந்து ஊட்டிக்கு டீசல் இன்ஜின் இழுக்கும். முழுப் பயணம் ஐந்து மணி நேரத்துக்குப் பக்கம், குன்னூர் வரைக்கும் என்றால் மூன்று மணி நேரம் சொச்சம். பொறுமை இல்லாதவர் மூன்றாவது மணி நேரத்தில்தான் முறுக்க ஆரம்பிப்பார், அந்த நேரத்தில் இறங்கிவிடலாம். வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும் மிச்சப் பாதையும் அழகுதான், கேத்திப் பள்ளத்தாக்கு கண்ணுக்கு நிறைவு. ஆனால் அதற்கு குன்னூர்–ஊட்டி இடையே தினமும் பல ரயில்கள் ஓடுகின்றன, மறுநாள் சாவகாசமாகப் பார்க்கலாம். கட்டணம் மேட்டுப்பாளையம்–ஊட்டி இரண்டாம் வகுப்புக்கு 300 ரூபாய் பக்கம், முதல் வகுப்பு அதைப் போல் இரண்டு மடங்கு.

முதல் வகுப்பு தேவையா? ஏறும்போது இன்ஜின் பின்னால் இருந்து தள்ளும், அதனால் முதல் பெட்டிக்கு முன்னால் மறைப்பே இருக்காது. அங்கே சீட் கிடைத்தால் காசு தகும். ஆனால் பதினான்கு பேரில் நாலு பேரை மட்டும் முதல் வகுப்பில் போட்டு மற்றவர்களை இரண்டாவதில் போட்டால், திங்கட்கிழமை வரைக்கும் அதே பேச்சாக இருக்கும். எல்லாரும் ஒரே வகுப்பு. மெத்தையில் கொஞ்சம் வித்தியாசம் தவிர, காற்றும் மலையும் சத்தமும் ஒன்றுதான்.

ஒரு முக்கியமான சங்கதி: ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளேயே போக வழி கிடையாது. மூன்று டிக்கெட் மூன்று பெட்டியில் விழுந்தால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் அவரவர் பாடு அவரவருக்கு. இந்தப் பிரிவினையை நாம் நல்லதுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு பேர் டிக்கெட்டில் நம் நண்பரையும், கூட்டத்திலேயே அதிகம் பேசாத ஒருவரையும் போடுங்கள். பேசாதவருக்கும் ஆள் கிடைத்த மாதிரி, நம் நண்பருக்கும் கேட்க ஆள் கிடைத்த மாதிரி.

சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் (12671) சரியாக அமையும். ராத்திரி ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் ஏறினால் காலை ஆறேகாலுக்கு மேல் மேட்டுப்பாளையம். நடுவில் முக்கால் மணி நேரம் இருக்கிறது. அதற்குள் செய்ய வேண்டியவை பல் விளக்குவது, கழிப்பறை, காலைச் சாப்பாடு. இந்த வரிசையில் இரண்டாவதை யாரும் தட்டிக்கழிக்கக் கூடாது. மலை ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. அடுத்து வசதி கிடைப்பது நடுவழி ஸ்டேஷனான ஹில்குரோவில், அதுவும் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் கழித்து, ரயிலே இறங்கி நிற்கும் வரிசையில். "எனக்கு வேண்டாம், நான் தாங்குவேன்" என்று சொல்கிறவரையும் இழுத்துப் போங்கள். சர்க்கரை நோயாளிகளும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் காலைக் காப்பியை குன்னூருக்கு ஒத்திப்போடுவது உத்தமம்.

சாப்பாட்டுக்கு ஸ்டேஷனுக்கு வெளியே விடியற்காலையிலேயே திறக்கும் கடைகள் உண்டு. உட்கார்ந்து சாப்பிட நேரம் போதாது, பார்சல்தான். பதினான்கு பேருக்கு 60 இட்லி போதும், பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாங்குங்கள். தேங்காய்ச் சட்னி வேண்டாம். ஆடுகிற பெட்டியில் சட்னிப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதி மடியில்தான் விழும். வாழை இலையில் கட்டிக் கேளுங்கள் அல்லது வீட்டிலிருந்து எவர்சில்வர் தூக்கு கொண்டுபோங்கள். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது, தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். பிடித்தால் அபராதம். ஆளுக்கு ஒரு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் பாட்டில் என்று முந்தின வாரமே குரூப்பில் போட்டுவிடுங்கள். இட்லியை கல்லாறு ஸ்டேஷன் வருவதற்குள் தின்று முடித்துவிட வேண்டும். அதுவரைக்கும் பாதை சமதரை, பவானி ஆற்றைத் தாண்டி பாக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும், ஆட்டமும் குறைவு.

கல்லாறு எட்டாவது கிலோமீட்டர். இங்கேதான் வண்டியின் சுபாவமே மாறும். தண்டவாளம் இரண்டுக்கும் நடுவில் இரண்டு இரும்புப் பட்டைகள் ஒட்டி ஒட்டி ஓட ஆரம்பிப்பதை ஜன்னல் வழியாகக் குனிந்து பார்த்தால் தெரியும். ரம்பத்தைக் கவிழ்த்து வைத்தது போலப் பற்கள். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் பக்கத்துப் பட்டையில் பள்ளம் இருக்கும், இப்படி மாறி மாறி. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் இவற்றைக் கவ்விக்கொண்டுதான் ஏற வேண்டும். ஏதாவது ஒரு பட்டையில் பல் எப்போதும் கடித்துக்கொண்டே இருக்கும்படி இந்த ஏற்பாடு. கவ்வுகிற இடத்தில் வண்டி ஏறக்குறைய நின்றே போகும். டிரைவர் நிதானமாக உள்ளே விடுவார், அடியில் 'கடக்' என்று ஒரு குலுக்கல், அப்புறம் சத்தமே வேறு. அதுவரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது ரயில், இப்போது அது மூச்சு வாங்கிக்கொண்டு படி ஏறும் ஆள். இன்ஜினில் நாலு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரத்துக்கு, இரண்டு பல் சக்கரத்துக்கு. சமதரையில் முதல் இரண்டு மட்டும் வேலை செய்யும். ஏற்றம் வந்ததும் அங்கே ஒருமுறை உழைத்து முடித்த அதே நீராவியை அடுத்த இரண்டுக்கும் அனுப்பி இன்னொரு முறை வேலை வாங்குகிறார்கள். சில இடங்களில் 12 அடி போனால் 1 அடி உயரம். இந்தியாவில் வேறெந்த ரயிலும் இப்படிப் பல் சக்கரம் கவ்வி ஏறுவதில்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 325 மீட்டர் சொச்சம், குன்னூர் 1,700-க்கு மேல். அந்த உயரத்தில் பெரும்பகுதியைக் கல்லாறிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள் ஏறி முடிக்கிறது.

இன்ஜின் பின்னால் இருப்பதால் டிரைவருக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாது. அதற்குத்தான் ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் பிரேக் பிடிக்கும் ஊழியர் ஒருவர் நிற்கிறார். கையில் பச்சைக் கொடி, சிவப்புக் கொடி. முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துக் காட்ட, கடைசியில் டிரைவருக்குப் போய்ச் சேரும். பெட்டிக்கு வெளியே தலையை நீட்டி இந்தக் கொடிச் சங்கிலியைப் பார்க்க ஆசையாக இருக்கும். வளைவில் பார்க்கலாம், குகை வரும்போது கூடாது. பாதை முழுக்க 16 குகைகள், பாறையைக் குடைந்த சுவர் கைக்கெட்டும் தூரத்தில். நம் நண்பர் போனை நீட்டிக்கொண்டு வீடியோ எடுப்பார், நாம் சொன்னால் கேட்க மாட்டார். மேடையில் நிற்கும் பிரேக்காரர் ஒரே ஒருமுறை திரும்பி, "கையை உள்ளே வெச்சுக்குங்க சார், டன்னல் வருதுங்க" என்றால் போதும். அவர் குரலுக்கு ஒரு மரியாதை உண்டு, எப்பேர்ப்பட்ட மேனேஜரும் கையை உள்ளே எடுத்துக்கொள்வார்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. மொத்தப் பாதையில் 208 வளைவுகள், 250 பாலங்கள். ஒரு வளைவில் பள்ளம் இந்தப் பக்கம், சற்றுத் தள்ளிப் பாறை இந்தப் பக்கம். இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு. பாதியில் ஹில்குரோவில் ஜன்னல் சீட்டை மாற்றிக்கொள்வது என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள், குரூப்பில் எழுத்தாகவும் போட்டுவிடுங்கள். ஏறின பிறகு பேசினால், யார் கையில் ஜன்னல் இருக்கிறதோ அவர்தான் ஜெயிப்பார், அது யார் என்று சொல்லவே வேண்டாம்.

உட்காரும் வசதியைப் பற்றி மழுப்பக் கூடாது. இது ஒரு மீட்டர் அகலப் பாதை, பெட்டி குறுகல். எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்தால் ஆறடி ஆளின் முழங்கால் எதிராளியின் முழங்காலில் இடிக்கும். பெரிய சூட்கேஸ் வைக்க இடமே கிடையாது. தோளில் மாட்டும் பை ஒன்று, அதுவும் மடியில். மற்றச் சாமானை எப்படிக் கொண்டுபோவது என்று யோசித்துத்தான் வேனை ஏற்பாடு செய்ய வேண்டும், அதைப் பிறகு சொல்கிறோம். ஜன்னல் திறந்திருந்தால் இன்ஜின் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் கொஞ்சம் வரும், கடைசிப் பெட்டிக்கு அதிகம். வெள்ளைச் சட்டை வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் வேர்க்கும், ஹில்குரோவில் இதமாக இருக்கும், குன்னூரில் காற்று குத்தும். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைத்துவிட்டு நடுங்குகிறவர்கள் ஏராளம். வளைவில் வாந்தி எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ்ஸில் படும் அவஸ்தை இந்த வேகத்தில் பெரும்பாலும் வராது.

ஹில்குரோவ் 18-வது கிலோமீட்டர். இன்ஜினுக்குத் தண்ணீர், நமக்கு டீ. பத்து நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்து நிமிஷம்தான் ரயில் பயணத்தில் நம் நண்பரின் குணம் வெளியே வர ஒரே இடம். இன்ஜினோடு நின்று போட்டோ எடுக்கக் கடைசிக்கு நடப்பார், "இன்னும் நேரமிருக்கு" என்பார். விசில் ஊதிவிட்டால் இரண்டு நிமிஷம் காத்திருக்க யாரும் இல்லை, அடுத்த ரயில் நாளைக் காலைதான். அதனால் எங்கள் யோசனை, கூட்டத்தின் தலையை எண்ணும் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள். எல்லா டிக்கெட்டும் அடையாள அட்டை விவரமும் அவர் போனில், எண்ணி ஏற்றுவதும் அவர் வேலை. பிடிவாதம் என்பது வேலை இல்லாதவரிடம் இருந்தால் தொந்தரவு, பொறுப்பு இருப்பவரிடம் இருந்தால் ஒருத்தர்கூட விட்டுப்போக மாட்டார்கள். முதல் விசிலுக்கு முன்பே, "வாங்க வாங்க, டீயை கையில எடுத்துக்கிட்டு ஏறுங்க" என்று ஆடு மேய்க்கிற மாதிரி விரட்டிக்கொண்டு வருவார்.

ஹில்குரோவ் குரங்குகளைப் பற்றித் தனியாக எச்சரிக்க வேண்டும். அவை பயந்த குரங்குகள் இல்லை, பழகிய குரங்குகள். தாம்பாளத்திலிருந்து கைக்கு வந்த வடை வாய்க்குப் போகும் வழியில் காணாமல் போகும். தோளில் ஏறி உட்கார்ந்து பையின் ஜிப்பை இழுப்பதும் உண்டு. வாங்கினதை முதுகைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு தின்னுங்கள், அல்லது ஏறி ஜன்னலை இறக்கிய பிறகு. கண்ணாடி போட்டவர்கள் கவனம். கொடுத்துப் பழக்காதீர்கள், பறித்ததைத் திரும்பப் பிடுங்கப் போகாதீர்கள், கடிக்கும்.

அதன் பிறகு ரன்னிமீடு ஸ்டேஷன், அப்புறம் தேயிலைத் தோட்டங்கள். குன்னூருக்கு முன்னால் வரும் பாலங்களில் வண்டி நகர்வதைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாய்வார்கள். குன்னூரில் நீராவி இன்ஜினைக் கழற்றுவார்கள். அதையும் நின்று பாருங்கள், ஊட்டி போகும் ரயில் புறப்படும்போது கொஞ்சம் பின்னோக்கிப் போய்த்தான் பாதை மாறும். ஸ்டேஷனிலேயே டீயும் பலகாரமும் கிடைக்கும், இன்ஜின் பணிமனையும் பக்கத்தில்.

இனி வேன். பதினான்கு பேர் சாமானோடு என்றால் ஒரு டெம்போ டிராவலர். இதை கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கொண்டுவந்தால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவில் நடப்பது இது. சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று எண்ணிக்கைக் கட்டுப்பாடும் போட்டிருக்கிறார்கள், அதனால் கடைசி நாளில் எடுக்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. குன்னூரிலோ ஊட்டியிலோ இருக்கும் டிஎன் 43 எண் வண்டியை அமர்த்தினால் அந்தத் தொல்லை இல்லை, உள்ளூர் வண்டிக்கு விலக்கு உண்டு. அதோடு மலைப்பாதையில் இரண்டாவது கியரில் இறங்கத் தெரிந்த டிரைவரும் கிடைப்பார். சமதரை டிரைவர்கள் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கி, பாதி மலையில் கருகல் வாசனை அடித்து ஓரமாக நிறுத்துவதைப் பர்லியாறு பக்கம் அடிக்கடி பார்க்கலாம்.

மேட்டுப்பாளையத்திலேயே சாமானை ஏற்ற வேண்டும் என்றால், உள்ளூர் டிஎன் 43 வண்டியைக் காலை ஆறரைக்குக் கீழே வரச் சொல்லுங்கள், கீழே இறங்கி வருவதற்கும் சேர்த்துக் காசு கேட்பார்கள். அது சாலையில் ஏறி குன்னூர் ஸ்டேஷன் வாசலில் நமக்கு முன்னால் வந்து நிற்கும், 33 கிலோமீட்டர்தான். முழங்கால் வலி உள்ளவர்கள், "அஞ்சு நிமிஷம்கூட சும்மா உட்கார மாட்டேன்" என்கிறவர்கள் யாராவது இருந்தால் சாமானோடு அதிலேயே வரலாம், அவர்களுக்கு டிக்கெட் எடுக்காமல் விடலாம். நம் நண்பர் ஒருவேளை "நான் வேன்லதான் வருவேன்" என்றால் வாக்குவாதமே வேண்டாம், ஏற்றிவிடுங்கள். ஆனால் தலையை எண்ணும் வேலையை இன்னொருவருக்கு மாற்ற மறக்காதீர்கள்.

வேன்காரரிடம் முன்பே பேசி முடிக்க வேண்டியவை: மொத்த வாடகையா கிலோமீட்டர் கணக்கா, டிரைவர் பேட்டா, ராத்திரி நிறுத்த எங்கே, பார்க்கிங், நுழைவுச் சீட்டு யார் பொறுப்பு. இந்தப் பேரத்துக்கு நம் நண்பரைவிடச் சிறந்த ஆள் கிடையாது. "நான் சொல்றேன்ல" என்ற அந்த ஒரு வார்த்தை அங்கே நமக்குக் காசை மிச்சம் பிடித்துக் கொடுக்கும்.

குன்னூரில் பத்தரைக்குள் இறங்கினால் டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனைக்குப் போய்விட்டு சிம்ஸ் பூங்காவையும் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் டால்பின்ஸ் நோஸில் வெள்ளைத் திரையைத்தான் பார்க்க வேண்டிவரும், அதனால் முதலில் அதுதான். சாப்பிட்டுவிட்டு ஊட்டி. முதல் நாளில் இதற்கு மேல் ஒன்றும் அடைக்காதீர்கள். ஒரே நாளில் போய்த் திரும்பும் யோசனையைச் சுத்தமாக விடுங்கள். மேலே போகும் ரயில் ஊட்டிக்குப் பன்னிரண்டு மணி வாக்கில் சேரும், கீழே வரும் ரயில் 2 மணிக்குக் கிளம்பும், நடுவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதில் ஒரு சாப்பாடு போக ஊட்டி வர்க்கி வாங்கத்தான் நேரமிருக்கும்.

கீழே வரும் ரயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. டிக்கெட் கிடைத்தால் போகலாம், ஆனால் ஏறுவதற்குத்தான் எங்கள் ஓட்டு. இன்ஜின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் இருக்கும், இறங்கும்போது அது முன்னால் வந்து பாதையை மறைக்கும். ஏறும்போது இருக்கிற அந்தத் திணறலும் சத்தமும் இறக்கத்தில் இருக்காது, பிரேக் வாசனை மட்டும் வரும்.

மாதம் பார்த்து டிக்கெட் போடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்கு மழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண்ணும் பாறையும் சரிந்து தண்டவாளத்தில் விழும், ரயிலை நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில் நிறுத்திவிடுவார்கள். ரயிலே ரத்தானால் பணம் முழுசாகத் திரும்பும், ஆனால் பதினான்கு பேரின் லீவு திரும்பாது. ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் வரை எங்கள் தேர்வு. வானம் தெளிவு, கூட்டம் குறைவு. எப்படியானாலும் மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கட்டும்: நீராவி ரயில் ரத்தானால் கோத்தகிரி வழியாக வேனில் ஏறி, குன்னூர்–ஊட்டி டீசல் ரயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஆசையைத் தீர்த்துக்கொள்வது. மழைக்காலத்தில்கூட இந்த மேல் பகுதி பெரும்பாலும் ஓடும்.

ஞாயிறு சாயங்காலம் இறங்கும்போது சீசனாக இருந்தால் வண்டிகளை கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள், நெரிசலும் சேரும். நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்தில் ராத்திரி ஒன்பதுக்கு மேல். ஊட்டியை விட்டு நாலு மணிக்குக் கிளம்பியாக வேண்டும், "அஞ்சரைக்குக் கிளம்பினாகூட போதும்" என்று யார் சொன்னாலும். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் பிளாட்பாரத்தில் ஒரு மணி நேரம் மிச்சமாகும். அந்த ஒரு மணி நேரத்தில் வேன், ரூம், சாப்பாடு, நுழைவுச் சீட்டு எல்லாவற்றையும் கூட்டிப் பதினான்கால் வகுத்து, அங்கேயே போனில் அனுப்ப வைத்துவிடுங்கள். ரயில் ஏறிப் படுத்துவிட்டால் திங்கட்கிழமை, திங்கட்கிழமை ஆகிவிட்டால் சம்பள நாள் வரைக்கும் இழுக்கும். வசூலுக்கு யாரை அனுப்புவது என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.